அந்த வரிகள் என்னுடையவை

என்னைப் பெற்ற மகனுக்கு,

முதல் வரியிலேயே முறை தப்பிவிட்டது என்று நீ நினைப்பாய். தப்பவில்லை. பதினேழு வருடமாக நீ என்னை "ஆத்தா" என்றுதான் கூப்பிடுகிறாய். மார்க் குறைந்தால் "என்னப் பெத்த ஆத்தா, இப்படிப் பண்ணிப்போட்டியே" என்பாய். கல்யாண மண்டபத்தில் லைட் ஸ்டாண்டை நான் நேராகப் பிடித்தால் "அப்படித்தான் ஆத்தா, அசையாத" என்பாய். நம் பக்கத்து அப்பன்கள் எல்லாரும் மகளை இப்படித்தான் தாயாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த மகளும் இதுவரை பதவி ஏற்றதாகத் தெரியவில்லை. நான் இன்று ஏற்கிறேன். இந்தக் கடிதம் முடிகிற வரை நான் தாய், நீ மகன், உள்ளே கோபமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் என் அம்மா எனக்கு மருமகள். தினமும் உன்னிடம் "நீங்க" என்று பேசுகிறவள் இன்று "நீ" என்று எழுதுகிறேன். கடிதம் முடிந்ததும் "நீங்க" திரும்பி வந்துவிடும், பயப்படாதே.

நேற்று முன்தினம் நம் ஸ்டுடியோ ஷட்டரில் நீ ஒரு தாள் ஒட்டினாய். "கல்யாண ஆர்டர்கள் இனி எடுக்கப்படமாட்டாது." அந்தத் தாளின் மேல்தான் இதை ஒட்டப்போகிறேன். திருச்செங்கோட்டில் அந்த வழியாகப் போகிற யார் வேண்டுமானாலும் நின்று படிக்கட்டும். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வருகிறவர்களும் படிக்கட்டும், அவர்களுக்கும் படத்தில் சிரிக்க ஒரு காரணம் கிடைக்கும். திங்கட்கிழமை நீ உன் மச்சானின் போர்வெல் வண்டியோடு மேனேஜராக வடக்கே கிளம்புகிறாய். போனால் எட்டு மாதம். போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுப்பது ஒன்றும் குறைந்த வேலை இல்லை. ஆனால் நீ அந்த வேலைக்காகப் போகவில்லை, வெட்கப்பட்டுப் போகிறாய். உன் கண் போய்விட்டது என்று நம்பிப் போகிறாய். உன் கண் எங்கும் போகவில்லை மகனே. போனது என் புத்தி. அதைச் சொல்லி முடிக்காமல் உன்னை வண்டி ஏறவிடமாட்டேன்.

முதலில் ஒரு பழைய குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அது எழுதச் சுலபமாக இருக்கிறது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது உன் கேமராவில் நீ கண்ணை வைத்துப் பார்க்கிற ரப்பர் வளையத்தில் மருமகளின் கண்மையைத் தடவி வைத்தேன். நாமக்கல்லில் ஒரு வரவேற்பு. மாலை முழுவதும் நீ வலது கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டத்தோடு "கொஞ்சம் சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். அன்றைக்குச் சிரித்த அளவுக்கு எந்தக் கல்யாணத்திலும் சொந்தக்காரர்கள் சிரித்ததில்லை. நீயும் உன் ராசி என்று நினைத்துக்கொண்டாய். கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தாய். அடி விழும் என்று சேருக்கு அடியில் குனிந்தேன். நீ குனிந்து பார்த்து, "ஊட்டுக்குப் போற வரைக்கும் இப்படியே இருக்கட்டும் ஆத்தா, திருஷ்டி கழியட்டும்" என்றாய். அதுதான் நீ செய்த தவறு. என் குறும்புக்கு அன்று நீ கொடுத்த லைசென்ஸ் இன்றுவரை செல்லும் என்று நான் நம்பிவிட்டேன்.

இப்போது கஷ்டமானது. போன மாதம் நீ புதுக் கேமராவுக்கு மாறலாமா என்று யோசித்தாய். உன் பழைய டி.எஸ்.எல்.ஆர். பன்னிரண்டு வருடம் உழைத்த மாடு. சேலத்தில் ஒரு கடையில் மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தோம், ஒரு கல்யாணத்தில் கையாண்டு பார்க்கலாம் என்று. முந்தின நாள் சாயங்காலமே நான் அதன் மெனுவுக்குள் புகுந்து எல்லா அறையையும் எட்டிப் பார்த்துவிட்டேன். அங்கே "சத்தமில்லாத ஷட்டர்" என்று ஒன்று இருந்தது. போட்டுவிட்டேன். நீ அழுத்துவாய், சத்தம் வராது, முழிப்பாய், அதை நான் போனில் வீடியோ எடுப்பேன், ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவேன். திட்டம் அவ்வளவுதான்.

மண்டபத்தில் இணைச்சீர் ஆரம்பித்தது. மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் மடித்த சேலையின் இரண்டு முனைகளையும் பிடித்து நிற்கிறார்கள். நம் பக்கத்துக் கல்யாணங்களில் கூடப்பிறந்தவளுக்கென்று இருக்கிற நேரம் அது. நீ அழுத்தினாய். மறுபடி அழுத்தினாய். கேமராவைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினாய்.

"ஆத்தா, படம் உழுகுதா இல்லையா? சத்தமே காணமே."

"புதுக் கேமராங்கப்பா. படிச்சது. சத்தம் போட்டுப் பேசாது."

"ஃபிளாஷும் எரியலியே?"

அது எனக்கும் தெரியாத விஷயம். சத்தமில்லாத ஷட்டர் போட்டால் ஃபிளாஷும் அணைந்துவிடும் என்று நான் படித்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்வேனா? "இதுக்கு ஃபிளாஷே வேண்டாமுங்கப்பா, பூனை மாதிரி இருட்டுலயே பாக்கும்" என்றேன். நீ என்னை நம்பினாய். நான் படித்தவள், யூடியூப் பார்த்தவள், உன் ஆத்தா. ஐந்து நிமிடம் கழித்து மாற்றுவதென்றால் சொன்ன பொய்யையும் சேர்த்து மாற்றவேண்டும். அதனால் மாற்றவில்லை. இணைச்சீர் முழுவதையும் நீ அப்படியே எடுத்தாய். முகூர்த்த நேரம் நெருங்கியதும் மட்டும் புதுசைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டுப் பழசை எடுத்தாய். "தாலிக்குப் பழசுதான் ஆத்தா. சத்தம் கேட்டாத்தான் எனக்குப் படம் எடுத்த மாதிரி இருக்குது."

இரண்டு நாள் கழித்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது தாலி கட்டிய படங்கள் பளிச்சென்று இருந்தன. இணைச்சீர்ப் படங்களில் ஒன்று விடாமல் குறுக்கே பட்டை பட்டையாகக் கறுப்பு வரிகள், பாய் விரித்த மாதிரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய், மறுபடி பார்த்தாய், மறுபடி துடைத்தாய். அங்கேயே நான் சொல்லியிருக்கவேண்டும். அன்று மத்தியானமே தேடிப் படித்துக் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். மறுநாள் நீ மாப்பிள்ளையின் அக்காவுக்குப் போன் பண்ணியபோது கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"எம்பட தப்புங்க. கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க. கேமராப் பொட்டியில பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கோணும், தெரியலீங்க."

அதற்கப்புறம் நீ வெகுநேரம் வெறுமனே "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நீ வடக்கே போகிறேன் என்றதும் மருமகள் வந்து சண்டை பிடித்தாள். "ஏனுங்க, ஒரு சீரு கெட்டதுக்கா தொழிலையே உட்டுப்போட்டுப் போவாங்க?" என்றாள். "அடுத்த தடவ கெடறது தாலிப் படமா இருந்தா என்ன பண்றது?" என்று நீ கேட்டாய். பதில் என்னிடம் இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. கேமராவை ஒரு சீர் முடிகிற வரைதான் ஊமையாக்கினேன், என்னை ஒன்பது நாள் ஊமையாக்கிக்கொண்டேன்.

அந்த வரிகள் எப்படி வந்தன தெரியுமா? உன் பழைய கேமராவில் ஷட்டர் என்பது நிஜமான கதவு. திறந்து மூடும். சத்தமில்லாத ஷட்டரில் கதவே இல்லை. சென்சார் படத்தை ஒரேயடியாக வாங்காமல் மேலிருந்து கீழே வரி வரியாகப் படித்துக்கொண்டு வருகிறது. மண்டபத்து மேடையில் இருந்ததெல்லாம் எல்.இ.டி. விளக்கு. அவை நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் இருந்த நொடியில் படித்த வரி பளிச்சென்றும், குறைந்த நொடியில் படித்த வரி மங்கலாகவும் விழும். அதுதான் பாய். சின்னத் திரையில் அவசரத்தில் பார்த்தால் யாருக்கும் சட்டென்று தெரியாது. இருபது வயதுப் பையன் எடுத்திருந்தாலும் அதே பாய்தான் விழுந்திருக்கும். மெனுவில் ஒரு இடத்தை மாற்றியிருந்தால் கதவு திறந்து மூடியிருக்கும், ஃபிளாஷ் எரிந்திருக்கும், நீ இன்று துணியை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருக்கமாட்டாய்.

இப்போது தாய் என்ற முறையில் புத்திமதி. எனக்குப் புத்தி வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, சூடு ஆறுவதற்குள் வாங்கிக்கொள். பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு என்று எழுதிப் பார்த்தேன். கடைக்காரர் உன்னிடம் மெகாபிக்சல் மெகாபிக்சல் என்று மந்திரம் ஓதினாரே, அதை நான் எழுதவே இல்லை. நாம் போடுகிற ஆல்பத்துக்குப் பழசில் இருப்பதே தாராளம். கோயில் கோபுரத்தில் பேனர் கட்டவா போகிறோம்? நான் முதலில் எழுதியது எடை. பந்தி நேரத்தில் நீ இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு தூணோரம் நிற்பாய். யாராவது பார்த்தால் கடிகாரம் பார்க்கிற மாதிரி நடிப்பாய். கையில் கடிகாரமே இருக்காது. புதுசில் உள்ளே கண்ணாடியும் இல்லை, கண்ணாடியைத் தூக்குகிற சாமானும் இல்லை. அதனால் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, எடை குறைவு. லென்ஸ் எடை குறையாது, அதையும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் உன்னிடம் பாதி உண்மை பேசுவதாக இல்லை.

பேட்டரியில் பழசுதான் ஜெயிக்கிறது. காலையில் போட்டால் சீர்தட்டு வண்டி ஏற்றுகிற வரை நிற்கும். புதுசு மூன்று பேட்டரி தின்னும். கண் வைக்கிற ஓட்டைக்குள் எப்போதும் ஒரு குட்டி டி.வி. ஓடிக்கொண்டிருந்தால் தின்னாமல் என்ன செய்யும்? ஆனால் அந்தக் குட்டி டி.வி.யைத்தான் நீ நம்பவேண்டும். பழசில் நீ பார்ப்பது கண்ணாடி வழியாக வருகிற நிஜ வெளிச்சம், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் படம் இருட்டாக விழப்போகிறதா, வெளிறப்போகிறதா என்பது எடுத்த பிறகுதான் தெரியும். புதுசில் எடுப்பதற்கு முன்பே தெரியும். சாய்ந்தரமாக வெயில் நேரே மூஞ்சியில் அடிக்கிற அவுட்டோர் படங்களில் நீ ஒன்றுக்கு ஏழு எடுப்பாயே, இனி இரண்டு போதும்.

கார்டு விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம் ஒரு காதுகுத்தில் மெமரி கார்டு படுத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? பாதிப் படம்தான் மீண்டது. "அழுத படம் பூராம் இருக்குதுங்க, சிரிச்ச படந்தான் போச்சு" என்று நீ அந்தக் குழந்தையின் அப்பாவிடம் சொன்னாய். "அப்ப இன்னொரு காதும் குத்தறதுங்களா?" என்று அவர் கேட்டார். அதனால் இரண்டு கார்டு போடுகிற பாடிதான், ஒன்றில் விழுவது அப்படியே இன்னொன்றிலும் விழவேண்டும். ஒரே கார்டு போடுகிற மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கடைக்காரரே கழுத்தில் மாட்டிக்கொள்ளட்டும். உன் பழைய லென்ஸ்களை விற்கவும் வேண்டாம். நடுவில் ஒரு அடாப்டர் போட்டால் புது பாடியில் மாட்டிக்கொள்ளும். சென்சார் பெரிசா சின்னதா என்பதில் மட்டும் உன்னிடம் தோற்கத் தயார். மண்டப இருட்டுக்குப் பெரிசுதான் என்று நீ சொல்வது சரி, நான் பூனை என்று சொன்னதை நம்பாதே.

புதுசில் ஒன்று உண்டு, அதை நீ எனக்கு எதிராகவே எடுத்து வீசுவாய் என்று தெரியும். ஆள் அசைந்தாலும் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் பண்ணுகிறதே அது. "கண்ணப் புடிக்கறதும் அதுவே, வெளிச்சம் பாக்கறதும் அதுவே, அப்பறம் நான் எதுக்கு?" என்று கடையிலேயே கேட்டாய். நேற்று முன்தினம் ராத்திரி உட்கார்ந்து வரி விழுந்த படங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் அந்த அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை உள்ளே தள்ளுகிறார். தம்பி அதைப் பார்த்துவிட்டுச் சேலை முனையை லேசாக இழுக்கிறான், சின்ன வயதில் சடையை இழுத்திருப்பான் போல. அடுத்ததில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் கேமரா பிடித்தது, சரி. இழுக்கிற நொடியில் அழுத்தச் சொல்லி அதற்கு யார் சொன்னது? அத்தனை கறுப்புப் பட்டைக்கு நடுவிலும் அது தெரிகிறது. வரிகள் என்னுடையவை, படம் உன்னுடையது.

அதனால்தான் நேற்றுக் காலை டியூஷன் என்று சொல்லிவிட்டுக் குமாரபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். அந்த அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு அங்கே, வீட்டோடு விசைத்தறி. போகிற வழியெல்லாம் மெதுவாக, பணிவாக எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே நுழைந்தால் தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பணிவாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் தொண்டை கிழியக் கத்தவேண்டியதாகிவிட்டது. அக்கா கையைக் காதில் குவித்து "என்னங்?" என்றார். நான் இன்னும் கத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எல்லாத் தறியும் ஒன்றாக நின்றன. "எங்கப்பா கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது! நாந்தானுங்க திருட்டு வேல பண்ணுனேன்!" என்பது மட்டும் வெறும் அமைதியில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்துத் தறிக்காரர் எட்டிப் பார்த்தார்.

முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அக்கா பாதியில் நிறுத்தினார்.

"கேமராவ எதுக்கு அம்மிணி ஊமையாக்குன?"

"சும்மா வெளையாட்டுக்குங்க்கா."

"வெளையாட்டுக்கா? எந்தம்பி கல்யாணத்துல நான் ஒருத்தியா நின்னது அந்த ஒரு எடத்துலதான். அப்பறம் பூராம் பொண்ணு மாப்பளதான். ஆல்பத்துல என்னைய எங்க தேடறது, பந்தியிலயா?"

பதில் இல்லாமல் நான் நின்றதை நீ பார்த்ததே இல்லை, பார்த்திருந்தால் படம் எடுத்திருப்பாய். அவர் அறுந்த நூல் ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்கொப்பன நானும் போன்ல வெடுக்குன்னு என்னென்னமோ பேசிப்போட்டேன். மனுசன் ஒரு வார்த்த எதுத்துப் பேசல. ஆமாங்க ஆமாங்கன்னே கேட்டுக்கிட்டாரு" என்றார். நான் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன், சேலை முனையைத் தம்பி இழுக்கிற படம். வரியோடுதான். அவர் வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, தம்பியின் கைப் பக்கம் நகர்த்திப் பார்த்தார்.

"இந்தக் கழுதை அப்பவும் இழுத்துப்போட்டான் பாரு. எனக்கே மறந்துபோச்சு." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சீரு ஒருக்காத்தான், அத மறுபடி செய்யறதில்ல. ஆனா ஞாயித்துக்கெழம தம்பி இங்க வாரான். நான் அதே சேல கட்டறேன். ரெண்டு பேரும் புடிச்சுக்கிட்டு நிக்கறோம். உங்கொப்பாரு வந்து எடுக்கட்டும், ஒண்ணே ஒண்ணு, இந்தப் பாய் வரியில்லாம. வேற ஆள அனுப்புனா நான் நிக்கமாட்டேன், சொல்லிப்போடு."

ஆகவே மகனே, நாளை ஞாயிறு, எட்டு மணிக்குக் கிளம்புகிறோம். திங்கட்கிழமையைப் பற்றித் திங்கட்கிழமை பேசலாம். படம் எடுத்த பிறகும் வடக்கே போகத் தோன்றினால் போ, உன் துணியை நானே மடித்துத் தருகிறேன், கண்மை எதிலும் தடவமாட்டேன். ஆனால் உன் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டு போகாதே. அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். பழசையும் எடுத்து வைத்திருக்கிறேன், வாடகைக்கு மறுபடி வாங்கிய புதுசையும் எடுத்து வைத்திருக்கிறேன். நான்கு பேட்டரியும் ஏறியிருக்கின்றன. எதில் எடுப்பது என்று முடிவு பண்ணவேண்டியது நீ. நான் லைட் மட்டும் பிடிப்பேன், வாயை மூடிக்கொண்டு. இந்த ஒன்பது நாள் மாதிரி இல்லை, நிஜமாகவே சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல்.

புதுசின் மெனுவில் கதவு ஷட்டரைத் திரும்பப் போட்டுவிட்டேன். நீயே ஒரு முறை திறந்து பார், என் பேச்சை மட்டும் நம்பாதே. அழுத்துகிற நேரத்தில் தறியை நிறுத்தி வைப்பதாக அந்த அக்கா சொல்லியிருக்கிறார். அதனால் எந்தக் கேமராவை எடுத்தாலும் சத்தம் உனக்கு நன்றாகக் கேட்கும்.

லைட் பிடிக்கும்,
உன் ஆத்தா